சர்வாதிகார அரசுகள் தொழில்நுட்பத்தையும் ஊடகத்தையும் வைத்து மக்கள் மனதை எப்படி மாற்றுகின்றன?

கேள்விக்குக் கீழேயே, "எல்லாம் பொய் என்று தெரிந்தும் படித்தவர்கள்கூட எப்படி ஏமாறுகிறார்கள்?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் அரசியல் படித்தவன் இல்லை. காரைக்குடியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அப்பா அதே கடையில் ரேடியோ ரிப்பேர் பார்த்தவர். அதனால் பெட்டியின் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தவனாகத்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

போன ஐப்பசியில் பள்ளத்தூரிலிருந்து ஒரு ஆச்சி ஆள் விட்டுக் கூப்பிட்டார். வீட்டைப் பங்கு பிரிக்கிறார்களாம். இரண்டாங்கட்டு அறையில் கிடந்த மரப்பெட்டி ரேடியோ பாடுமா பாடாதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பாடினால் ஆச்சி வைத்துக்கொள்வார். இல்லாவிட்டால் முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடைக்குப் போய்விடும். ஆச்சியின் அப்பச்சி, அதாவது அப்பா, மலேயாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் பார்க்கப் போனவர். ஈப்போவில் கடை. யுத்தம் முடிந்து ஊர் திரும்பும்போது கப்பலில் கொண்டுவந்த செட் அது.

பின்பலகையைக் கழற்றினேன். அரை விரல் கனத்துக்குத் தூசி, மூலையில் பல்லி முட்டை ஓடு. சிக்னலைப் பெருக்கும் கண்ணாடிக் குழல்களான வால்வு ஐந்தும் இருந்தன. பேண்ட் மாற்றும் திருகு மூன்று இடத்தில் நின்றது: பக்கத்து நிலையம் பிடிக்கிற மத்திய அலைக்கு ஒன்று, தூரத்து வெளிநாட்டு நிலையம் பிடிக்கிற சிற்றலைக்கு இரண்டு. ஆனால் சிற்றலைக் காயில்கள் (கம்பிச் சுருள்கள்) இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. எலி கடித்த மாதிரி இல்லை. கம்பியை நறுக்கி, முனையை மடக்கி, ஒன்றோடொன்று உரசாமல் ஒதுக்கி விட்டிருந்தார்கள். வேலை தெரிந்தவன் கை.

ஆச்சியிடம் கேட்டேன். "அதா தம்பி, ஜப்பான்காரன் ரேடியோவை எல்லாம் கொண்டாரச் சொன்னானாம். ரெண்டு மூணு நாள் வச்சிருந்துட்டுத் திருப்பிக் குடுத்துட்டானாம். பெட்டியைப் பறிக்கலை, காதை மட்டும் அறுத்துக்கிட்டுக் குடுத்தான்னு அப்பச்சி சொல்லுவாக."

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்த பிறகு அந்தப் பக்கம் முழுக்க இந்தக் கதைதான். உள்ளூர் நிலையம் கேட்கலாம், லண்டனும் டெல்லியும் கேட்கக் கூடாது. ஒளித்து வைத்துக் கேட்டு மாட்டியவர்களைச் சித்திரவதை செய்தார்கள், கொல்லவும் செய்தார்கள். சரி, இவ்வளவு பயம் இருந்தால் எல்லா ரேடியோவையும் உடைத்துப் போட்டிருக்கலாமே? உடைக்கவில்லை. வேலை மெனக்கெட்டு ஆள் வைத்துக் காயிலை எடுத்துவிட்டு, பெட்டியைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். மக்கள் ரேடியோ கேட்க வேண்டும் என்பதுதான் அவர்களுக்கும் ஆசை.

என் பதில் இதுதான். தடை, சிறை எல்லாம் வெளியே தெரிகிற பாதி. பெரிய பாதி, கொடுப்பது. மலிவாக, இனாமாக, வீடு தேடி வந்து கொடுப்பது.

ஜெர்மனியைப் பாருங்கள். 1933 ஆகஸ்டில் நாஜி அரசு 'மக்கள் ரேடியோ' என்று ஒரு செட்டை இறக்கியது. பெயர் வி.இ. 301. ஹிட்லர் பதவிக்கு வந்தது ஜனவரி 30, அதாவது 30-1, அதனால் அந்த எண். விலை 76 மார்க், அன்றைக்கு அது மலிவு. 1938-ல் இன்னும் சின்னதாக 35 மார்க்குக்கே ஒன்று வந்தது. ஜனங்கள் அதற்கு நாஜி பிரசார மந்திரியை வைத்து 'கோயபல்ஸ் மூஞ்சி' என்று பெயர் வைத்துவிட்டுத் தவணையில் வாங்கினார்கள். கேலியும் செய்வார்கள், காசும் கட்டுவார்கள். எந்த ஊரும் அப்படித்தான். இதில் மெக்கானிக் கண்ணுக்கு ஒன்று படும். வால்வைக் குறைத்து மலிவாகச் செய்த செட் பக்கத்து நிலையத்தைத்தான் தெளிவாகப் பிடிக்கும். வெளிநாட்டு நிலையம் ராத்திரியில், அதிர்ஷ்டம் இருந்தால், இரைச்சலோடு வரும். பாதித் தணிக்கை அந்த மலிவு விலையிலேயே முடிந்துவிட்டது. 1939 செப்டம்பரில் வெளிநாட்டு நிலையம் கேட்பதே குற்றம் என்று சட்டம் வந்தது. அதை எச்சரிக்கும் சின்ன அட்டையை ட்யூனிங் திருகிலேயே மாட்டச் சொன்னார்கள். பாட்டுக் கேட்கக் கை வைத்தாலும் அந்த அட்டைதான் முதலில் விரலில் படும்.

வடகொரியாவில் திருகுக்கே வேலை இல்லை. அரசு நிலையத்தில் நிறுத்தி முத்திரை வைத்த செட்தான் சட்டப்படி வைத்துக்கொள்ளலாம். அங்கே செல்போனும் டேப்லெட்டும் உண்டு. கருவி தானாகவே அவ்வப்போது திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தப் படங்களை நீங்கள் பார்க்கலாம், அழிக்க முடியாது. யாரும் கேட்காமலே உங்களுக்குக் காட்டுகிறார்கள், 'பார், நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்' என்று. அரசு முத்திரை இல்லாத கோப்பு திறக்காது. அப்படி ஒரு போன் என் கடைக்கு வந்தால், திறக்கவே பயமாக இருக்கும்.

இதெல்லாம் எங்கோ தூரத்தில் என்று நினைக்காதீர்கள். எனக்கே சின்ன வயதில் இரண்டு அரசுகள் இனாம் கொடுத்திருக்கின்றன. ஒன்று, 'சோவியத் நாடு' பத்திரிகை. வழவழ தாள், பளபள கலர். எங்கள் பள்ளிக்கூடத்தில் பாதி நோட்டுக்கு அட்டை அதுதான். என் கணக்கு நோட்டின் மேல் ஒரு டிராக்டர், அதன் மேல் சிரிக்கிற பெண். அந்த நாட்டில் யாரும் அழுவார்கள் என்றே எனக்கு ரொம்ப நாள் தோன்றவில்லை. இன்னொன்று, சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பு. 1963-லிருந்து நடந்தது. சீனப் பெண்கள் தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு, நம்மைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுவார்கள். நாம் கடிதம் போட்டால் பதில் வரும், காலண்டர் வரும். ஊர் ஊருக்கு நேயர் மன்றம் இருந்தது. பெய்ஜிங்கிலிருந்து என் பெயருக்கு உறை வந்த அன்று தபால்காரரே நின்று பார்த்துவிட்டுத்தான் போனார். பொய் சொன்னார்கள் என்று எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. தேநீர், பெருஞ்சுவர், சீன மொழிப் பாடம், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்பதுதான் விஷயமே. அந்த நாட்டைப் பற்றிக் கடுமையாக ஒரு கேள்வி கேட்க எனக்கு நாக்கு வரவில்லை. காலண்டர் கொடுத்தவர்களாயிற்றே!

பின்னாளில் ஒரு ஆய்வைப் பற்றிப் படித்தபோது இது புரிந்தது. ஹார்வர்டின் கேரி கிங்கும் இன்னும் இருவரும் 2017-ல் வெளியிட்டது. சீன அரசு தன் ஊழியர்களை வைத்து ஆண்டுக்குச் சுமார் 44.8 கோடி பதிவுகளை இணையத்தில் போடுகிறது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். அந்தப் பதிவு போடுகிறவர்களுக்கு ஊர் வைத்த பெயர் '50 காசுப் படை'. இவர்கள் எதிராளியோடு சண்டை போடுவார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். தேடிப் பார்த்தால் சண்டையே இல்லை. நாட்டைப் புகழ்வது, தியாகிகளை நினைப்பது, எங்காவது சூடு கிளம்பினால் பேச்சை மாற்றுவது. கல்யாண வீட்டில் பங்காளித் தகராறு கிளம்பும்போது "சரி சரி, பந்தி போட்டாச்சு, வாங்க" என்று ஒரு பெரியவர் எழுப்புவாரே, அந்த வேலை.

பர்மா பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. எங்கள் ஐயா, அதாவது தாத்தா, அங்கே ஒரு செட்டியார் கடையில் கணக்கெழுதியவர். 1962-ல் ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்து, கடை கண்ணிகளை எல்லாம் அரசுடைமை ஆக்கிய பிறகு, அப்பா கட்டிய துணியோடு கப்பலேறி வந்தார். இந்த ஊரில் பர்மா காலனி என்று ஒன்று இருப்பதே அதனால்தான். அத்தை மட்டும் அங்கேயே தங்கிவிட்டார். அத்தை மகன், எனக்கு அத்தான், ரங்கூனில் இருக்கிறார்.

ராணுவ ஆட்சியில் அங்கே ஒரு சிம் கார்டு வாங்க ஆயிரம் டாலருக்கு மேல்கூட ஆன காலம் உண்டு. 2014-ல் வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்ததும் ஒன்றரை டாலருக்கு இறங்கியது. அத்தானுக்கு இணையம் என்றாலே ஃபேஸ்புக்தான், கடைக்காரனே போட்டுக் கொடுத்துவிடுவான். 2017 செப்டம்பரில் ஒருநாள் போன் செய்து, "11-ஆம் தேதி முஸ்லிம்கள் தாக்கப் போறாங்களாம், வெளியே போகப் பயமா இருக்கு" என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். "எல்லாருக்கும் மெசேஜ் வந்திருக்கு" என்றார்.

மறுவருடம் அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் எழுதியதைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதே நாட்களில் முஸ்லிம்களுக்கும் ஒரு மெசேஜ் போயிருக்கிறது, பௌத்தர்கள் தாக்கப் போகிறார்கள் என்று. இரண்டையும் பரப்பியது ராணுவ உளவுப் பிரிவு. இந்த வேலையில் 700 பேர் வரை இருந்தார்களாம். பாடகர், மாடல், அழகிப் பட்டம் வென்றவர் பெயரில் ரசிகர் பக்கம் ஆரம்பித்து, கூட்டம் சேரும்வரை பாட்டும் படமும் போட்டு, அப்புறம் அதே குழாயில் விஷத்தை விட்டார்கள். 2017 ஆகஸ்டிலிருந்து ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட ரோஹிங்யா முஸ்லிம்கள் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். அத்தான் நல்ல மனிதர். மனப்பாடமாகத் திருக்குறள் சொல்வார். அவர் எதையும் ஆராய்ந்து நம்பவில்லை. பாட்டு வந்த இடத்திலிருந்து வந்ததால் உள்ளே விட்டார். நீங்கள் கேட்ட படித்தவர்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் அவர்தான்.

2021 பிப்ரவரி 1 விடியற்காலை ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தபோது போனும் இணையமும் நின்றன. 4-ஆம் தேதி ஃபேஸ்புக்கைத் தடுத்தார்கள். அவர்களே ஊதி வளர்த்ததுதான். இப்போது எப்போதாவது அத்தான் பேசுவார். நாங்கள் வெங்காய விலை பேசுவோம். "கிலோ ஏறிடுச்சு" என்றால் தெருவில் கெடுபிடி என்று அர்த்தம்.

ஜாடை பேச்சில் நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள்தான். நெருக்கடி நிலையில், 1976 பிப்ரவரியில், கைதானவர்கள் பெயரைப் போடத் தணிக்கை விடவில்லை. அண்ணா நினைவு நாளுக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று 'முரசொலி' ஒரு பட்டியல் போட்டது. தமிழ்நாடே புரிந்துகொண்டது. ஆனால் அது தடுப்பவனை ஏய்க்கிற வித்தை. கொடுப்பவனை ஏய்க்க என்ன வித்தை என்று எனக்குப் பிடிபடவில்லை. காலையில் எழுந்ததும் போனைத்தான் எடுக்கிறேன், நானும்.

ஆச்சியின் செட்டுக்கு இரண்டு கண்டன்சர் மாற்றினேன். திருச்சி நிலையம், 936, கணீரென்று வருகிறது. ஆச்சி கேட்டார், "அந்த அறுத்த காதையும் ஒட்ட வச்சிரு தம்பி. அப்பச்சி கடைசி வரைக்கும் குறைப்பட்டாக." புதுசாகக் காயில் சுற்றலாம், ஆனால் அந்தக் காலத்துச் சாமானே கிடைத்தால் நல்லது. யுத்தத்துக்கு முந்தைய செட் உடைந்து கிடந்தால் எறிந்துவிடாமல் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.