பொமரேனியன் குட்டி விடிகாலையில் துவண்டு விழுகிறதா?

எட்டு வாரக் குட்டி, 700 கிராம். இரவு 9 மணிக்குப் பாலும் பிஸ்கட்டும், காலை 5 மணிக்குத் தள்ளாட்டம், பால் குடித்ததும் தெளிச்சி என்கிறீர்கள். பெரும்பாலும் இரத்தச் சர்க்கரை இறங்கியதுதான். இவ்வளவு சின்னக் கல்லீரலில் சேமிப்பு மிகக் குறைவு. எட்டு மணி நேரப் பட்டினியைத் தாங்காது.

பால், பிஸ்கட்டை நிறுத்துங்கள். பசும்பாலால் பேதி வந்தால் நிலைமை மோசமாகும். சிறிய இனக் குட்டிகளுக்கான உலர்தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்து மசித்து, ஆறியபின் மூன்று நான்கு மணிக்கொரு முறை கொடுங்கள். இரவு 11க்கு ஒன்று, 3 மணிக்கு அலாரம் வைத்து ஒன்று. உங்கள் தூக்கம் கெடும், வேறு வழியில்லை.

குளிரும் சர்க்கரையைக் குடிக்கும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் படுக்கையோரம் வையுங்கள். குழந்தைகள் மணிக்கணக்கில் தூக்கி விளையாட வேண்டாம்.

மறுபடி துவண்டால் குளுக்கோஸ் பொடியைச் சில சொட்டு நீரில் குழைத்து, அரை மில்லி அளவு ஈறில் தடவுங்கள். மயக்கத்திலோ வலிப்பிலோ வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். வலிப்பின்போது விரலையும் பல்லுக்கிடையே விடாதீர்கள். சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த 'சுகர் ஃப்ரீ' பொருள் நாய்க்கு விஷம். தெளிந்ததும் உணவு கொடுங்கள். வெறும் சர்க்கரை ஏறிய வேகத்தில் இறங்கும்.

தெளிந்தாலும் இன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். குடற்புழு இருக்கிறதா என்று மலத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். உணவு சரியாகியும் இது திரும்பினால் கல்லீரல் இரத்தக்குழாய்க் கோளாறையும் சோதிக்க வேண்டும்.