கச்சா எண்ணெயில் இன்னும் ஆராய என்ன இருக்கிறது?

கேள்வி: முதுகலை வேதியியல் படிக்கும் நான், நிறை நிறமாலைமானியைக் கொண்டு பெட்ரோலியத்தைப் பகுப்பாய்வு செய்வதில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொள்ள விரும்புகிறேன். "மாதிரியைக் கருவிக்குள் செலுத்தினால் விடை வந்துவிடும், அதில் ஆராய என்ன இருக்கிறது?" என்கிறார்கள். வாழ்நாள் முழுவதும் உழைக்கும் அளவுக்கு இத்துறையில் இடம் உண்டா?

பதில்: தாராளமாக உண்டு. மூலக்கூறுகளை மின்னேற்றமுள்ள அயனிகளாக்கி அவற்றின் நிறையை அளக்கும், இயற்பியலாளர்களின் ஆய்வகத்தில் இருந்த இக்கருவியை 1940களில் முதலில் வாங்கிப் பயன்படுத்திய தொழில்துறைகளுள் எண்ணெய்த் தொழில் முக்கியமானது. அன்று அளந்தது மீத்தேன், புரொப்பேன், பியூட்டேன் போன்ற இலேசான ஹைட்ரோகார்பன்களின் கலவையை. அந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. தீராமல் இருப்பது, காய்ச்சி வடித்தபின் அடியில் தங்கும் கனமான பகுதி. கந்தகம், நைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவற்றைத் தாங்கிய சேர்மங்கள் அதில் பல்லாயிரக்கணக்கில் கலந்துள்ளன.

மூன்று கார்பன் அணுக்களின் நிறையும், ஒரு கந்தக அணுவும் நான்கு ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த நிறையும் முழு எண்ணில் 36தான். துல்லியமாக அளந்தால் இடையே ஏறத்தாழ 0.0034 டால்டன் (அணு நிறையின் அலகு) வேறுபாடு உண்டு. இதைப் பிரித்தறியாத கருவி, கந்தகம் உள்ள மூலக்கூறையும் இல்லாத மூலக்கூறையும் நிறமாலை வரைபடத்தில் ஒரே உச்சமாகக் காட்டும். சுத்திகரிப்பு ஆலை நீக்கவேண்டியது கந்தகத்தை என்பதால், இக்குழப்பத்தைச் சிறிதென்று ஒதுக்க முடியாது. காந்தப்புலத்தில் அயனிகள் சுழலும் அதிர்வெண்ணிலிருந்து நிறையைக் கணக்கிடும் ஃபூரியர் உருமாற்ற முறையை ஆலன் மார்ஷலும் மெல்வின் கோமிசரோவும் 1974இல் வெளியிட்டார்கள். இவ்வகைக் கருவிகள் வலிமைபெற்ற பிறகே கனமான எண்ணெயின் ஒவ்வோர் உச்சத்துக்கும் மூலக்கூறு வாய்பாடு எழுத முடிந்தது. மார்ஷலும் ரையன் ராட்ஜர்ஸும் இத்துறைக்குப் பெட்ரோலியோமிக்ஸ் என்று பெயரிட்டு வளர்த்தார்கள்.

ஆனால் "விடை வந்துவிடும்" என்பதை நான் ஏற்கமாட்டேன். அயனியாக மாறிய மூலக்கூறு மட்டுமே கருவிக்குத் தெரியும். கரைசலை மின்னழுத்தத்தால் நுண்துளிகளாகத் தெளித்து அயனியாக்கும் எலெக்ட்ரோஸ்பிரே முறையில் நேர்மின் அயனிகளை அளந்தால் காரத்தன்மையுள்ள நைட்ரஜன் சேர்மங்கள் ஓங்கி நிற்கும். அதே எண்ணெயில் எதிர்மின் அயனிகளை அளந்தால், குழாய்களை அரிக்கும் நாஃப்தெனிக் அமிலங்கள் முன்னுக்கு வரும். இரண்டிலும் சாதாரண ஹைட்ரோகார்பன்கள் ஏறத்தாழ மறைந்தே இருக்கும். அவற்றுள் பென்சீன் போன்ற வளையங்களைக் கொண்ட அரோமாட்டிக் வகையைக் காண ஒளியால் அயனியாக்கும் முறை உதவும். ஆனால் அதற்கும் அதற்கேயுரிய பாரபட்சம் உண்டு. ஆகவே உயரமான உச்சம் என்றவுடன் மிகுதியான சேர்மம் என்று எழுதிவிடக்கூடாது. முதலில் எவற்றைப் பிரித்தெடுப்பது, எந்த அயனியாக்க முறையைத் தேர்வது, தெரியாமல் போனவற்றை எவ்வாறு கணக்கில் கொள்வது என்று முடிவெடுப்பவர் வேதியியலாளரே. இத்துறையில் ஆராய்ச்சிக்குரிய இடம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: இந்த அறிவு எண்ணெய் நிறுவனங்களுக்கு மட்டுமே பயன்படுவதா?

பதில்: இல்லை. கடலில் எண்ணெய் கசிந்தால் அது எங்கிருந்து வந்தது என்று கண்டறிவதும் இதே அறிவால்தான். பண்டைய பாக்டீரியாக்களின் உயிரணுச் சவ்விலிருந்து வந்த ஹோப்பேன்கள் எண்ணெயில் இன்னும் உள்ளன. கலவையின் சேர்மங்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கும் வாயு குரோமட்டோகிராபியுடன் இணைந்த நிறை நிறமாலைமானியில், நிறை 191 கொண்ட அயனியைப் பின்தொடர்ந்தால் அவற்றின் வரிசை தெரியும். வெயிலாலும் அலையாலும் நுண்ணுயிர்களாலும் எண்ணெயின் இலேசான பகுதிகள் அழிந்த பின்னும் ஹோப்பேன்கள் நெடுநாள் தாங்கும். அவற்றின் விகிதங்கள் ஊற்றுக்கு ஊற்று வேறுபடும். அலாஸ்காவில் 1989இல் எக்ஸான் வால்டெஸ் கப்பலிலிருந்து கொட்டிய எண்ணெயை அப்பகுதியின் பிற எண்ணெய்த் தடங்களிலிருந்து பிரித்தறியவும், அது எவ்வளவு சிதைந்தது என மதிப்பிடவும் இத்தகைய சேர்மங்கள் பயன்பட்டன.

கேள்வி: ஆய்வில் சேர்வதற்கு முன் எதைக் கற்றுக்கொள்வது நல்லது?

பதில்: பிரித்தெடுக்கும் முறைகளையும் புள்ளியியலையும் கற்றுக்கொள்ளுங்கள், தரவைக் கையாள ஒரு நிரல்மொழியும் வேண்டும். கென்ட்ரிக் 1963இல் வகுத்த நிறை அளவுகோலை நீங்களே ஒரு சிறு தரவில் போட்டுப் பாருங்கள். ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும் சேர்ந்த அலகின் நிறையை, 14.01565க்குப் பதிலாகச் சரியாக 14 என்று அது கொள்கிறது. இந்த அளவுகோலில் ஒவ்வொரு நிறையும் முழு எண்ணிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை நிறைக்கு எதிராக வரைந்தால், பக்கச் சங்கிலியின் நீளத்தில் மட்டும் வேறுபடும் சேர்மங்கள் எல்லாம் ஒரே கிடைக்கோட்டில் வந்து அமர்வதைக் காண்பீர்கள்.