தொடர்ந்து தோற்கும் கூடைப்பந்தாட்ட அணியின் மீது அதன் ரசிகர்கள் ஏன் இவ்வளவு கோபப்படுகிறார்கள்? பிடிக்காவிட்டால் பார்க்காமல் விட்டுவிடலாமே?

தோற்றுவிட்டார்கள் என்பதற்காக மட்டும் கோபப்படும் ரசிகர் மிகக் குறைவு. விளையாட்டென்றால் வெற்றியும் தோல்வியும் மாறி மாறி வரும் என்பதை ஏற்றுக்கொள்ளாத எவரும் ஓர் அணியை வருடக்கணக்கில் பின்தொடர்வதில்லை. அந்தத் தோல்விக்கு ஒருவரும் பதில் சொல்லாதபோதும், இதுவும் எங்கள் திட்டத்தின் ஒரு பகுதிதான், பொறுத்திருங்கள் என்று ஆண்டுக்கு ஆண்டு சொல்லப்படும்போதும்தான் அவர்களுடைய பொறுமை போகிறது. அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தாட்டத்தில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. அதற்கு அந்தத் தொடரின் அமைப்பே பெரிய காரணம்.

நான் இலங்கையின் வன்னியிலுள்ள பரந்தனில் வசிக்கிறேன். எங்கள் பக்கத்தில் பொழுதுபட்டால் கரப்பந்தாட்டமும் உதைபந்தாட்டமும்தான். கூடைப்பந்தாட்டம் விளையாடிப் பழகியவர்கள் குறைவு. ஆனால் வன்னியில் பல வீடுகளுக்குக் கனடாவில் உறவு இருப்பதைப்போல எங்கள் வீட்டுக்கும் இருக்கிறது. மாமாவின் மகன் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறான். 2019ஆம் ஆண்டு யூன் மாதம் ரொறன்ரோ ராப்டர்ஸ் அணி கோல்டன் ஸ்டேட் வொரியர்ஸை நான்குக்கு இரண்டு என்ற கணக்கில் வென்று சம்பியனானபோது அவன் அனுப்பிய காணொளிகளைப் பார்த்துத்தான் நானும் அந்த அணியின் ரசிகன் ஆனேன். ரொறன்ரோவில் இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் குளிர்காலத்தில் எங்களுக்கு விடிகாலை ஐந்தரைக்கு வரும். விறாந்தையில் கைபேசியைச் செம்பில் சாய்த்து வைத்துவிட்டு நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது, விளையாட்டின் விதி ஒன்றும் தெரியாத அம்மா தேநீரைக் கொண்டுவந்து வைத்து, “இண்டைக்காவது வெண்டாங்களோ?” என்று கேட்பார். 2023இல் தொடங்கிய பருவகாலத்திலும் அதற்கு அடுத்ததிலும் அந்தக் கேள்விக்கு இல்லை என்றே பெரும்பாலும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

முதலில் எனது அணியையே எடுத்துக்கொள்கிறேன். 2023 ஏப்ரலில், பிளேஓஃப் எனப்படும் இறுதிக்கட்டச் சுற்றுக்குள் நுழைவதற்கான தகுதி ஆட்டத்தில் ராப்டர்ஸ் சொந்த மைதானத்தில் சிக்காகோ புல்ஸிடம் தோற்றது. எங்களுக்கு அது சித்திரை வருடப்பிறப்புக்கு முதல்நாள் அதிகாலை. யாரும் மறிக்காமல், நின்ற இடத்தில் நின்று எறியும் தண்ட எறிகள் அன்று அவர்களுக்கு 36 கிடைத்தன. அவற்றில் 18 கூடைக்குள் போகவில்லை. ஆட்டமோ நான்கு புள்ளி வித்தியாசத்தில் போனது. அந்தத் தோல்வி வலித்தது. ஆனால் அதில் எனக்குக் கோபம் இல்லை, ஏனென்றால் எறிந்தவர்கள் வெல்ல நினைத்து எறிந்தார்கள், கை நடுங்கியது, அவ்வளவுதான்.

கோபம் அதற்கு அடுத்த பருவகாலத்தில் வந்தது. ஆட்டத்தை வழிநடத்திவந்த பிரெட் வான்விலீட் ஒப்பந்தம் முடிந்து ஹியூஸ்ரனுக்குப் போனார். அணிக்குப் பதிலாக எதுவும் கிடைக்கவில்லை. ஓ.ஜி. அனுனோபியை நியூயோர்க் நிக்ஸுக்கும், சம்பியன் அணியின் தூணாக இருந்த பஸ்கல் சியாகமை இந்தியானாவுக்கும் மாற்றினார்கள். அந்தப் பருவகாலம் 25 வெற்றி, 57 தோல்வியுடன் முடிந்தது. இடையில் தொடர்ச்சியாகப் 15 ஆட்டங்களில் தோற்றார்கள். இதற்கிடையில், 2023இல் யாக்கோப் பேர்ட்டிலைப் பெறுவதற்காக புதிய இளம் வீரர் ஒருவரைச் சேர்ப்பதற்கான 2024ஆம் ஆண்டின் முதற்சுற்றுத் தெரிவு உரிமையைச் சன் அன்ரோனியோ அணிக்குக் கொடுத்திருந்தார்கள். தெரிவு வரிசையைத் தீர்மானிக்கும் குலுக்கலில், அதிகம் தோற்ற அணிக்கே முன்னிடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்; அதில் முதல் ஆறு இடங்களுக்குள் வந்தால் மட்டும் அந்த உரிமை ரொறன்ரோவிடமே தங்கும் என்பது நிபந்தனை. இதன் பொருள் என்னவென்றால், மார்ச் மாதம் முழுவதும் ஒரு ராப்டர்ஸ் ரசிகர் தனது அணி தோற்பதே தனது அணிக்கு நல்லது என்று நினைக்க வேண்டியிருந்தது. மச்சான் ஒருநாள் காலையில் அழைத்து, “இண்டைக்கு வெண்டா எங்களுக்குத்தான் நட்டம், விளங்குதோ?” என்று கேட்டபோது, என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவன் பொய் சொல்லவில்லை. நுழைவுச்சீட்டுக்குக் காசு கொடுத்து, பனியில் நடந்துபோய், பிள்ளைக்கு அணியின் சட்டையைப் போட்டுவிட்டு, தன்னவர்கள் தோற்கட்டும் என்று வேண்டிக்கொள்ளும் நிலைக்கு ஒரு மனிதனைக் கொண்டுவந்துவிட்டால், அவனிடமிருந்து கோபத்தைத் தவிர வேறெதை எதிர்பார்ப்பது? கடைசியில் அந்தத் தெரிவு எட்டாவது இடத்துக்குப் போய், கைவிட்டும் போனது. தோற்றதும் வீணானது.

இந்தக் குலுக்கலைப் பற்றிச் சற்று விளக்கிவிடுகிறேன். என்.பி.ஏ.யில் 30 அணிகள் உள்ளன. பிளேஓஃப் சுற்றுக்குத் தகுதிபெறாத 14 அணிகளுக்கிடையே குலுக்கல் நடத்தி, புதிதாக வரும் இளம் வீரர்களை யார் முதலில் தெரிவுசெய்வது என்று தீர்மானிப்பார்கள். மோசமாகத் தோற்ற அணிக்கு வாய்ப்பு அதிகம். நலிந்தவனைத் தூக்கிவிடும் நல்ல நோக்கம்தான். ஆனால் வேண்டுமென்றே தோற்பதற்கும் அது வழிவிட்டது. பிலடெல்பியா அணி 2013 முதல் மூன்று பருவகாலங்களில் முறையே 19, 18, 10 வெற்றிகளை மட்டுமே பெற்று இளம் வீரர்களைச் சேர்த்தது. அதன் பின் 2019இல், மிகக் கீழே உள்ள மூன்று அணிகளுக்கும் முதலிடத்துக்கான வாய்ப்பு தலா 14 வீதம் என்று மாற்றப்பட்டது. அதற்கு முன் கடைசி அணிக்கு 25 வீதம் இருந்தது.

அந்த மாற்றத்தின் அடியை முழுமையாக வாங்கிய அணி டிட்ரொயிட் பிஸ்டன்ஸ். 1989, 1990, 2004 ஆகிய ஆண்டுகளில் சம்பியனான அணி அது. 2022-23 பருவகாலத்தில் 17 வெற்றிகளுடன் தொடரிலேயே கடைசியில் நின்றது. அந்த ஆண்டு எல்லோரும் காத்திருந்தது விக்ரர் வெம்பன்யாமா என்ற பிரெஞ்சு இளைஞருக்காக. அவர் சன் அன்ரோனியோவுக்குப் போனார். பிஸ்டன்ஸுக்கு ஐந்தாவது தெரிவு கிடைத்தது. கடைசி அணி ஐந்தாவது இடத்துக்குக் கீழே போக முடியாது என்பதால், அதற்குக் கிடைக்கக்கூடிய மிக மோசமான இடம் அதுதான். அடுத்த ஆண்டும் கடைசியில் நின்றார்கள். அடுத்த ஆண்டும் ஐந்தாவது தெரிவே விழுந்தது.

அந்த இரண்டாவது ஆண்டைத்தான் ரசிகர்களின் கோபத்தைப் பற்றிப் பேசும் எவரும் பார்க்க வேண்டும். 2023இல் மொன்ரி வில்லியம்ஸைப் பயிற்றுநராக நியமித்து, ஆறு ஆண்டுகளுக்கு 7 கோடியே 85 இலட்சம் டொலர் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். ஒரு பயிற்றுநருக்கு அதுவரை என்.பி.ஏ.யில் கொடுக்கப்பட்டதில் அதுவே மிகப் பெரிய ஒப்பந்தம். முதல் மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்றார்கள். அதன் பின் 28 ஆட்டங்கள் தொடர்ந்து தோல்வி. ஒரே பருவகாலத்தில் அவ்வளவு தொடர்ச்சியாக அதற்கு முன் எந்த அணியும் தோற்றதில்லை. 27ஆவது தோல்வி டிசெம்பர் 26ஆம் திகதி ப்ரூக்ளினிடம், சொந்த மைதானத்தில். கேட் கனிங்ஹாம் தனியொருவராக 41 புள்ளிகள் எடுத்தும் ஆறு புள்ளிகளால் தோற்றார்கள். அரங்கிலிருந்தவர்கள் ‘அணியை விற்றுவிடு’ என்று உரிமையாளரை நோக்கிச் சேர்ந்து கத்தினார்கள். யாரைப் பார்த்துக் கத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். 41 புள்ளி எடுத்த பையனை ஒருவரும் திட்டவில்லை. யார் பதில் சொல்ல வேண்டுமோ அவரைத்தான் அழைத்தார்கள்.

அவர்களுடைய குறை பொத்தாம்பொதுவாக இருக்கவில்லை. ஜேடன் ஐவி போன்ற வேகமான இளம் வீரரை வெளியே இருத்திவிட்டு, எறிந்தால் கூடைக்குள் போகாத கிலியன் ஹேய்ஸை ஏன் ஆரம்பத்தில் இறக்குகிறீர்கள்; தூரத்திலிருந்து எறியத் தெரிந்த அனுபவசாலிகள் ஏன் கனிங்ஹாமைச் சுற்றி இல்லை; இவை அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர்கள் கேட்ட கேள்விகள். ஹேய்ஸ் பெப்ரவரியில் அணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். ஒருவரை இத்தனை மாதம் விளையாடவைத்துவிட்டுப் பிறகு எந்தப் பயனுமின்றி விடுவித்தால், முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு என்ன தோன்றும்?

28 தோல்விகளுக்குப் பிறகு பிஸ்டன்ஸ் வென்ற ஆட்டத்தில் எதிரே நின்றது எங்கள் ராப்டர்ஸ்தான். அமெரிக்காவில் டிசெம்பர் 30, எங்களுக்கு 31 விடியற்காலை. அனுனோபியை நியூயோர்க்குக்கு மாற்றிய செய்தி அன்றுதான் வெளியானது. அவருக்குப் பதிலாக வரவிருந்தவர்கள் இன்னும் வந்துசேரவில்லை. ஆளில்லாத அணியுடன் போய் 129-127 என்று தோற்றோம். எனக்கு அன்று வருத்தம் இருந்தது. ஆனால் டிட்ரொயிட் மக்கள் எழுந்து நின்று ஆர்ப்பரித்ததைப் பார்த்தபோது பொறாமைப்பட முடியவில்லை. சம்பியன் பட்டம் பெற்றவர்களைப்போல மகிழ்ந்தார்கள். அணியின் மீது உண்மையில் வெறுப்புக் கொண்டவர்கள் அப்படி மகிழ மாட்டார்கள்.

ஐரோப்பிய உதைபந்தாட்டத்தில் கடைசியில் நிற்கும் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கவேண்டும். வருமானம் போகும், மதிப்புப் போகும், ஆகவே உரிமையாளருக்குத் தோல்வி பயம் உண்டு. என்.பி.ஏ.யில் இறக்கம் என்ற ஒன்றே கிடையாது. எத்தனை முறை தோற்றாலும் அடுத்த ஆண்டும் அதே 30 அணிகளில் ஒன்றாகத்தான் இருப்பார்கள். நாடளாவிய ஒளிபரப்பு வருமானத்தில் பங்கும் வரும். அணியின் பெறுமதியும் பொதுவாக ஏறிக்கொண்டே போகிறது. இதை எங்கள் ஊர் விளையாட்டுக் கழகங்களுடன் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். பிரதேச மட்டப் போட்டியில் முதற்சுற்றிலேயே தோற்றுவிட்டு வந்தால், மறுநாள் தலைவரும் செயலாளரும் சந்திக் கடைக்குத் தேநீர் குடிக்க வரத்தான் வேண்டும், அங்கே கேள்வி கேட்காமல் விடமாட்டார்கள். சனசமூக நிலையத்தில் வருடாந்தப் பொதுக்கூட்டம் கூடும்போது, கையில் காசு கொடுத்த ஐயா ஒருவர் எழும்பி, “தம்பி, அந்தப் பெடியனை ஏன் இறக்கேல்லை?” என்று கேட்பார். பதில் சரியில்லாவிட்டால் நிர்வாகம் மாறும். டிட்ரொயிட் ரசிகருக்கு அப்படியொரு கூட்டம் இல்லை, வாக்கும் இல்லை. அரங்கில் கத்துவது ஒன்றே அவருக்கு மிஞ்சியிருக்கும் வழி. அதைப் பண்பாடின்மை என்று சிலர் எழுதும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை.

ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்ல விரும்புகிறேன். தோற்ற இரவில் ஒரு வீரரின் சமூக ஊடகக் கணக்குக்குப் போய் அவரையும் அவருடைய குடும்பத்தையும் தூற்றுவதை நான் ரசிகரின் கோபமாகக் கருதவில்லை. பந்தயம் கட்டிக் காசு இழந்தவர்கள் அதில் பலர். அதை நியாயப்படுத்த எனக்கு விருப்பமில்லை.

அந்தக் கூச்சல் நியாயமானது என்பதற்கு அடுத்த பருவகாலமே சான்று. 2023-24 முடிவில் பிஸ்டன்ஸின் கணக்கு 14 வெற்றி, 68 தோல்வி; அந்த அணியின் வரலாற்றிலேயே மிக மோசம். பொது முகாமையாளர் ட்ரோய் வீவர் போனார். ஐந்து ஆண்டுகள் எஞ்சியிருந்தும் மொன்ரி வில்லியம்ஸ் நீக்கப்பட்டார். ட்ரஜான் லாங்டன் பொறுப்பெடுத்து, ஜே.பி. பிக்கர்ஸ்டாப்பைப் பயிற்றுநராக்கி, டொபயஸ் ஹாரிஸ், மலிக் பீஸ்லி, ரிம் ஹார்டவே ஆகிய அனுபவமுள்ளவர்களைக் கொண்டுவந்தார். இளம் வீரர்கள் பெரும்பாலும் பழையவர்களே. 44 வெற்றிகள் வந்தன. பிளேஓஃப் சுற்றில் நியூயோர்க்கிடம் ஆறு ஆட்டங்களில் தோற்றாலும், 2008இலிருந்து தொடர்ந்த 15 பிளேஓஃப் தோல்விகளுக்கு அங்கே ஒரு முடிவு வந்தது. அதே பையன்களால் ஒரு வருடத்தில் மூன்று மடங்குக்கு மேல் வெல்ல முடிந்ததென்றால், முந்திய குளிர்காலத்தில் அரங்கிலிருந்து கத்தியவர்கள் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

பார்க்காமல் விட்டுவிடலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். விடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கத்துவதில்லை, ஒரு பருவகாலம் பார்க்காமல் இருப்பார்கள், பிறகு வரவே மாட்டார்கள். கத்துகிறவர் இன்னும் உள்ளே இருக்கிறார். 2025 யூனில், 2013 முதல் ராப்டர்ஸை நிர்வகித்துவந்த மசாய் உஜிரி விலக்கப்பட்டார். கடைசி ஆண்டுகளில் மச்சான் அவரைக் குறைசொல்லாத வாரம் இல்லை. அந்தச் செய்தி வந்த அன்று, சம்பியன் பட்டத்தைத் தந்த மனிதரை இப்படி அனுப்பிவிட்டார்களே என்று அவன் ஒரு மணி நேரம் என்னிடம் புலம்பினான். அதன் பிறகு, அடுத்து வரப்போகிறவர் யாராக இருக்க வேண்டும் என்று பேச ஆரம்பித்தோம்.