வாசகர் கேள்விகள், மிருக வைத்தியர் பதில்கள்: நாயைத் தொடுமுன் ஏன் இத்தனை கேள்விகள்?

கேள்வி: எங்கள் பெட்டை நாய் மூன்று நாட்களாகச் சாப்பிடாததால் ஆட்டோ பிடித்து நகரத்திலுள்ள மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். அவர் நாயைத் தொடுவதற்கு முன்பே கால் மணித்தியாலம் என்னை விசாரித்தார். எங்கே படுக்கும், எந்தத் தண்ணீரைக் குடிக்கும், கடைசியாக எப்போது பருவத்துக்கு வந்தது என்றெல்லாம் கேட்டார். முன்பு நாங்கள் பார்த்தவர் ஒரு வார்த்தையும் கேட்காமல் ஊசி போட்டு அனுப்பிவிடுவார். இத்தனை கேள்விகள் அவசியந்தானா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: அவசியந்தான். மேசையில் ஏற்றிய பிறகு வைத்தியர் பார்ப்பது அந்தச் சில நிமிடத்து நாயை மட்டுமே. புது இடம், மருந்து வாடை, பக்கத்தில் குரைக்கும் இன்னொரு நாய் எல்லாம் சேர்ந்து அதன் இதயத்தை வேகமாக அடிக்க வைக்கும். வீட்டில் நொண்டிக்கொண்டிருந்த நாய்கூடப் பயத்தில் நேராக நடந்துவிடும். அந்த மூன்று நாட்களும் அது எப்படி இருந்தது என்பது வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

பருவத்தைப் பற்றிக் கேட்டதற்கு வலுவான காரணம் உண்டு. கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யப்படாத பெட்டை நாய்க்கு, பருவம் முடிந்து பெரும்பாலும் 4 முதல் 8 வாரங்களுக்குள், கருப்பையில் சீழ் கட்டும் நோய் வரக்கூடும். அப்போது நாய் சாப்பாட்டை விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் சட்டி சட்டியாகக் குடிக்கும். கருப்பையின் வாய் மூடியிருந்தால் வெளியே ஒரு சொட்டுச் சீழும் தெரியாது. அப்போது வைத்தியரை ஸ்கேன் எடுத்துப் பார்க்கத் தூண்டுவது நீங்கள் சொல்லும் அந்தத் தேதிதான்.

தண்ணீரைப் பற்றிய கேள்விக்கு எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து, பத்து நாட்களாக மூக்கில் இரத்தம் வருகிறது என்று ஒரு நாயைக் கொண்டுவந்தார்கள். உண்ணிக் காய்ச்சல் என்று வேறோரிடத்தில் இரண்டு தடவை ஊசியும் போட்டிருந்தார்கள். கொண்டுவந்த இளைஞர் கொழும்பில் வேலை செய்பவர், பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருந்தவர். எதைக் கேட்டாலும் "தெரியாதுங்க டொக்டர்" என்றார். வீட்டில் நாய்க்குச் சோறு வைப்பது யார் என்று கேட்டேன். அப்பாயி என்றார். தொலைபேசியில் அந்த அம்மாவிடம் பேசினேன்.

"வலது பக்க மூக்குல மட்டுந்தாங்க ஐயா ரத்தம் வருது. தும்மிக்கிட்டே இருக்கும், மூக்கக் காலால தேச்சுக்கும். தண்ணியெல்லாம் லயத்துக்கு மேல பீலியிலதான் வாய வச்சுக் குடிக்கும்."

உண்ணிக் காய்ச்சலில் இரத்தம் உறைவதற்கான தட்டுக்கள் குறைவதால் மூக்கிலிருந்து இரத்தம் வரலாம். ஆனால் ஒரு துளையில் மட்டும் இரத்தம், ஓயாத தும்மல், மூக்கைத் தேய்ப்பது, பீலியில் விழும் ஓடைத் தண்ணீர் ஆகிய நான்கும் சேர்ந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீரை மூக்கருகில் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். சில நிமிடங்களில் கறுப்பாக, ஈரமாக, ஒரு அட்டையின் நுனி தண்ணீரைத் தேடி வெளியே நீண்டது. மீண்டும் உள்ளே இழுத்துக்கொண்டது. மூன்றாம் முறை நீண்டபோது இடுக்கியால் பிடித்து, அது தானாகப் பிடியை விடும்வரை அறுந்துவிடாமல் மெல்ல இழுத்தேன். என் சுண்டுவிரல் நீளம் இருந்தது. அந்த நோயைக் கண்டுபிடித்தவர் அப்பாயிதான். நான் கேட்க மட்டுமே செய்தேன்.

நம் தோட்டங்களில் தாயும் தகப்பனும் விடிந்ததும் மலைக்குப் போய்விடுவார்கள். பகல் முழுவதும் நாயுடன் இருப்பது வயதானவர்களும் பிள்ளைகளும். நாயைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்கு வருவதோ வேறொருவர். ஆகவே, நாயை அறிந்தவரைக் கூட்டி வாருங்கள். முடியாவிட்டால் அவருடைய தொலைபேசி இலக்கத்தையாவது கொண்டு வாருங்கள்.

கேள்வி: என் பூனைக்குக் காய்ச்சல் என்று எண்ணி அரைப் பனடோல் கொடுத்தேன். வைத்தியர் திட்டுவார் என்ற பயத்தில் அதைச் சொல்லவில்லை. மறுநாள் பூனை இறந்துவிட்டது. சொல்லியிருந்தால் பிழைத்திருக்குமா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். சொல்லியிருந்தால் ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். அதற்குமேல் நான் உறுதி சொன்னால் அது உண்மையாக இராது. நம் ஈரல் பனடோலில் உள்ள பரசிற்றமோலைச் சிதைத்து வெளியேற்றும் முறை பூனையின் ஈரலில் மிகக் குறைவு. அதனால் மருந்து நஞ்சாக மாறி, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கிறது; ஈறுகள் மண்ணிறமாகின்றன, முகமும் பாதங்களும் வீங்குகின்றன. அரைக் குளிசையே ஒரு பூனையைக் கொல்லக்கூடியது. அந்த நஞ்சை முறிக்க அசற்றைல்சிஸ்ரீன் என்ற மருந்து உண்டு. ஆனால் அதைச் சில மணித்தியாலங்களுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம்.

இதில் பிழை உங்களுடையது மாத்திரமன்று. "என்ன மருந்து கொடுத்தீர்கள்?" என்று அதட்டலாகக் கேட்டால் யாரும் "ஒன்றும் கொடுக்கவில்லை" என்றுதான் சொல்வார்கள். "வருத்தத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதுதானே, வீட்டில் ஏதாவது கொடுத்துப் பார்த்தீர்களா?" என்று நான் கேட்பதுண்டு. அப்போது பனடோலும் வரும், கைமருந்தும் வரும், மரக்கறித் தோட்டத்துக்கு அடித்த பூச்சிமருந்தும் வரும். எதுவாக இருந்தாலும் அதன் உறையையோ போத்தலையோ கையோடு கொண்டு வாருங்கள்.

கேள்வி: நான் பேராதனையில் மிருக வைத்தியம் படிக்கும் யாழ்ப்பாணத்து மாணவி. மலையகத்து உரிமையாளர்களிடம் நோய் வரலாறு கேட்கும்போது, எதைக் கேட்டாலும் "ஆமாங்க" என்கிறார்கள். எப்படிக் கேட்பது?
– மாணவி, பேராதனை

பதில்: தங்கையே, முதலில் சொல்லைக் கவனியுங்கள். நீங்கள் "சத்தி எடுத்ததோ?" என்று கேட்டால் இங்கே பலருக்கு விளங்காது, வாந்தி என்பார்கள், கக்குது என்பார்கள். அந்தக் "கக்குது" இரண்டு நோய்களை மூடி வைத்திருக்கிறது. வயிறு எக்கி எக்கி வெளியே வந்தால் அது வாந்தி. எந்த முயற்சியும் இல்லாமல், தின்ற சோறு தின்றபடியே வாயிலிருந்து சரிந்தால் கோளாறு உணவுக்குழாயில். எனவே "எப்படிக் கக்குச்சு, செஞ்சு காட்டுங்க" என்று கேளுங்கள். வெட்கப்படாமல் செய்து காட்டுவார்கள்.

"ஆமாங்க" என்பது மரியாதையில் வருவது. தோட்டத்துத் துரைக்கும் டொக்டருக்கும் மறுத்துப் பேசிப் பழகாத வாய் அது. "பேதி இருக்கிறதா?" என்று கேட்காமல் "வெளிக்கு எப்படிப் போகிறது?" என்று கேளுங்கள். "கடைசியாக என்றைக்கு நல்லா இருந்துச்சு?" என்று தொடங்கி, அவர்கள் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள். அவர்கள் சொல்லும் காரணத்தை அப்படியே எழுதிக்கொள்ளாமல், கண்ணால் கண்டதைக் கேட்டு எழுதுங்கள். கடுவன் பூனை முக்குகிறது, மலச்சிக்கல் என்பார்கள். சிறுநீர் எப்போது போனது என்று கேட்டால் நேற்றிலிருந்து ஒரு சொட்டும் இல்லை என்று தெரியவரும். அந்த அடைப்பை அன்றே எடுக்காவிட்டால் பூனை பிழைக்காது.

எல்லாவற்றிலும் ஒன்றை மறக்கவே வேண்டாம். "தொண்டையில எலும்பு சிக்கியிருக்கு டொக்டர்" என்று வாய் தொங்க, எச்சில் ஒழுக ஒரு நாய் வந்தால், வாயைத் திறக்கக் கை நீட்டாதீர்கள். விசர்நோயின் ஊமை வடிவத்தில் தாடை செயலிழந்து நாய் அப்படித்தான் நிற்கும். தடுப்பூசி அட்டை எங்கே, கடந்த ஆறு மாதங்களில் வேறு நாயோ காட்டு விலங்கோ கடித்ததா, குரைக்கும் சத்தம் மாறியதா என்று முதலில் கேளுங்கள். பிறகு, எலும்பை எடுக்க வீட்டில் யார் யார் வாய்க்குள் கைவிட்டார்கள், யாருடைய புண்ணில் எச்சில் பட்டது என்று கேளுங்கள். அவர்கள் அனைவரும் உடனே சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு எச்சில் பட்ட இடத்தை 15 நிமிடங்கள் கழுவிவிட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அப்படிப்பட்ட நாளில் என் குறிப்பேட்டில் நாயின் பெயருக்குக் கீழே, குழந்தைகள் உட்பட அந்த வீட்டார் எல்லோருடைய பெயர்களையும் எழுதிக்கொள்வேன்.