ஜெபித்தேன், பதில் வரவில்லை. இனி என்ன செய்வது? – கேள்வி பதில்

காத்திருத்தலைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் வந்து குவிந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: ஆண்டவர் ஏன் பேசாமல் இருக்கிறார்? நான் போதகர் இல்லை. பல வருடமாக வேதபாட வகுப்பு நடத்துகிறவன். வேதத்தில் இருப்பதை வேதத்தில் இருப்பதாகவும், என் அபிப்பிராயத்தை என் அபிப்பிராயமாகவும் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, எனக்கு இரண்டு வேலை கிடைத்திருக்கிறது. இரண்டுமே நல்ல வேலை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். உபவாசித்து ஜெபித்தும் எந்த வழிநடத்துதலும் இல்லை. தேவசித்தம் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தம்பி, ஏதேனில் தேவன் ஆதாமிடம் சொன்னதைக் கவனியுங்கள். தோட்டத்திலுள்ள சகல மரங்களின் கனியையும் புசிக்கலாம், ஒன்று மட்டும் வேண்டாம். இன்றைக்கு எந்த மரத்தில் பறிப்பது என்று ஆதாம் தினமும் கேட்டதாக எழுதப்படவில்லை.

இரண்டும் நேர்மையான வேலை, இரண்டிலும் உங்கள் குடும்பம் பிழைக்கும் என்றால், பதில் வராததே ஒரு பதிலாக இருக்கலாம். "நீயே தெரிந்துகொள்" என்று பிள்ளையிடம் விடுகிற தகப்பன் பிள்ளையைக் கைவிட்டவன் இல்லையே. யாக்கோபு 1:5 ஞானத்தைக் கேட்கச் சொல்கிறது. ஞானத்தைக் கேட்டால் அதை உபயோகிக்கவும் வேண்டும். சம்பளம், வேலை நேரம், அங்கே உங்களோடு வேலை செய்யப்போகிறவர்கள், ஓய்வுநாள் ஆராதனைக்கு இடம் இருக்கிறதா என்பதையெல்லாம் எழுதிப் பாருங்கள். அப்போஸ்தலர் 15இல் எருசலேம் சபை பெரிய விவாதம் நடத்தி முடித்த பிறகுதான் "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்று கடிதம் எழுதியது. யோசித்ததால் அந்த முடிவு ஆவிக்குரியதாக இல்லாமல் போய்விடவில்லை.

வெள்ளிக்கிழமை ஏதாவது ஒன்றுக்குச் சரி என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: "கர்த்தருக்குக் காத்திருக்கிறேன்" என்று என் மகன் ஒன்றும் செய்யாமல் இருக்கிறான். நான் ஏதாவது சொன்னால் எனக்கு விசுவாசம் இல்லை என்கிறான். காத்திருப்பது என்றால் சும்மா இருப்பதா?

இல்லை அம்மா. நெகேமியா முதல் இரண்டு அதிகாரங்களையும் அவனோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

எருசலேமின் அலங்கம் இடிந்து கிடக்கிறது என்ற செய்தி, பெர்சிய ராஜாவுக்குப் பானபாத்திரக்காரனாக இருந்த நெகேமியாவுக்குக் கிஸ்லேவு மாதத்தில் வருகிறது. அவன் ராஜாவிடம் வாயைத் திறப்பது நிசான் மாதத்தில். நடுவில் நான்கு மாதம் போல ஆகிவிட்டது. அழுதான், உபவாசித்தான், ஜெபித்தான் என்று எழுதியிருக்கிறது. ஆனால் "உனக்கு என்ன வேண்டும்" என்று அர்தசஷ்டா ராஜா கேட்டவுடன் அவன் சொல்கிற பதிலைப் பாருங்கள். எத்தனை காலம் ஆகும், நதிக்கு அப்புறத்து அதிபதிகளுக்கு என்ன கடிதம் வேண்டும், மரம் யாரிடம் கேட்க வேண்டும் (ஆசாப் என்று பெயரோடு சொல்கிறான்), அந்த மரம் எதெதற்கு வேண்டும் எல்லாம் தயாராக இருக்கிறது. அந்த நான்கு மாதமும் அவன் முழங்காலில் மட்டும் இருந்திருக்க முடியாது, கணக்கும் போட்டிருக்கிறான். கதவைத் திறப்பது தேவனுடைய வேலை. திறந்ததும் உள்ளே போக ஆயத்தமாக இருப்பது அவனுடைய வேலை.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஆபிரகாம் தேவனுடைய வாக்கை நம்பி ஆரானை விட்டுப் புறப்பட்டபோது வயது 75. வாக்குப்பண்ணப்பட்ட மகன் ஈசாக்கு பிறந்தபோது 100. நடுவிலே, 86ஆவது வயதில், மனைவி சாராளின் அடிமைப் பெண் ஆகார் மூலமாக இஸ்மவேல் பிறந்துவிட்டான். தேவன் தம்முடைய கையில் வைத்திருந்ததை இவர்கள் அவசரப்பட்டுச் செய்து முடித்தார்கள். அதன் வேதனையை அதிகம் சுமந்தவள் அந்த முடிவை எடுக்காத அந்த அடிமைப் பெண். நம்முடைய அவசரத்துக்குப் பல நேரம் அடுத்தவர்தான் விலை கொடுக்கிறார்கள் என்பதைப் பிரசங்கங்களில் அதிகம் கேட்பதில்லை.

ஆக, உங்கள் மகன் விண்ணப்பம் போடலாம், படிக்கலாம், தெரிந்தவர்களிடம் விசாரிக்கலாம். யாரையாவது ஏமாற்றியோ பொய் சொல்லியோ உள்ளே நுழைவதுதான் கூடாது.

கேள்வி: கண்ணை மூடி வேதத்தைத் திறந்து, விரல் படுகிற வசனத்தை ஆண்டவருடைய பதிலாக எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். யூதாஸ் நான்றுகொண்டு செத்த வசனத்தில் விரல் பட்டால் என்ன செய்வீர்கள்?

கேள்வி: அப்படியானால் கிதியோன் தோலைப் போட்டு அடையாளம் கேட்டது தப்பா?

தப்பு என்று தேவன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை, பொறுமையாகவே பதில் கொடுத்தார். ஆனால் நியாயாதிபதிகள் 6ஐ முழுவதும் வாசித்தால், மீதியானியரின் கையிலிருந்து இஸ்ரவேலை இரட்சிக்க வேண்டும் என்பது அவனுக்கு அதற்கு முன்பே தெளிவாகச் சொல்லப்பட்டாயிற்று. அவனுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை, பயம்தான் இருந்தது. அதனால்தான் ஒரு அடையாளம் போதவில்லை. தரையில் போட்ட ஆட்டுத்தோல் அவன் கேட்டபடியே பனியில் நனைந்தது, தரை காய்ந்திருந்தது. அடுத்த நாள் தோல் காய்ந்து தரை நனைய வேண்டும் என்று திருப்பிக் கேட்டான். அடையாளம் தேடுகிற பலருக்கும் இதுதான் நிலைமை. உங்களுக்கு வேண்டியது தகவலா, தைரியமா என்று முதலில் பாருங்கள். தைரியம்தான் என்றால் அதையே நேரடியாகக் கேட்டுவிடலாம், தோல் எதற்கு?

கேள்வி: மனதில் ஒரு எண்ணம் வருகிறது. அது தேவனுடைய சத்தமா, என் சொந்த ஆசையா, வெறும் பயமா என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

இதற்கு நூறு சதவீதம் நிச்சயம் தருகிற சோதனை எதுவும் கிடையாது. அப்படி ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

அப்போஸ்தலர் 16ஐப் பாருங்கள். பவுலும் கூட இருந்தவர்களும் ஆசியாவில் (இன்றைய துருக்கியின் மேற்கே இருந்த ரோம மாகாணம்) வசனத்தைச் சொல்லப் போகிறார்கள்; ஆவியானவர் தடுக்கிறார். பித்தினியாவுக்குப் போகப் பார்க்கிறார்கள். அதற்கும் இடம் கிடைக்கவில்லை. எப்படித் தடுத்தார் என்று லூக்கா எழுதவில்லை. துரோவாவுக்கு வந்த பிறகுதான் மக்கெதோனியா மனிதனின் தரிசனம். அதற்குப் பிறகும் "பவுல் உத்தரவிட்டான், போனோம்" என்று இல்லை. நாங்கள் நிச்சயித்துக்கொண்டோம் என்று பன்மையில் எழுதுகிறார். ஒருவர் கண்ட தரிசனத்தை எல்லோரும் சேர்ந்துதான் எடைபோட்டார்கள்.

அப்புறம் நடந்தது இன்னும் சுவாரசியம். தரிசனத்தில் வந்தவன் ஒரு ஆண். பிலிப்பியில் முதலில் இருதயம் திறக்கப்பட்டவளோ லீதியாள் என்ற பெண். அவளுடைய ஊர் தியத்தீரா. அது இவர்களுக்குக் கதவு அடைபட்ட அதே ஆசியாவில் இருக்கிற ஊர்! அதோடு சரியான வழிநடத்துதலில் போனவர்களுக்குக் கிடைத்தது அடியும் சிறைச்சாலையும். "எல்லாம் சுலபமாக நடந்தால் தேவசித்தம், தடை வந்தால் இல்லை" என்ற கணக்கு இந்த ஒரு அதிகாரத்திலேயே உடைந்துபோகிறது.

நடைமுறைக்கு வருகிறேன். அந்த எண்ணம் வேதத்துக்கு முரணானதா? ஆமாம் என்றால் பேச்சே இல்லை. "இப்பவே, இன்றைக்கே, யாரிடமும் சொல்லாதே" என்று விரட்டுகிறதா? விரட்டுகிற எண்ணத்தை நான் எப்போதும் சந்தேகப்படுவேன். உங்களை நேசிக்கிற, ஆனால் உங்களுக்கு ஆமாம் போடாத ஒருவரிடம் சொன்னால் என்ன சொல்கிறார்? நன்றாகத் தூங்கி எழுந்த பிறகும் அந்த எண்ணம் நிற்கிறதா?

இந்தக் கடைசிக் கேள்வி, இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் மூலமாகக் கத்தோலிக்கருக்கு நன்கு தெரிந்தது. 1521இல் பம்பலோனாவில் பீரங்கிக் குண்டால் கால் உடைந்து படுத்திருந்தபோது, சில கனவுகள் அந்த நேரத்துக்கு இனித்துவிட்டுப் பிறகு மனதை வெறுமையாக்குவதையும், சில எண்ணங்கள் போன பிறகும் மகிழ்ச்சியை விட்டுச்செல்வதையும் கவனித்தார். அவர் பின்னால் எழுதிய ஒரு விதியை எல்லாச் சபையாருக்கும் சிபாரிசு செய்வேன்: மனம் வறண்டு இருண்டிருக்கிற நேரத்தில், தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே.

கேள்வி: ஜெபக்கூட்டத்தில் ஒருவர், இன்னாரைத் திருமணம் செய்துகொள் என்று கர்த்தர் சொல்கிறார் என்று எனக்குத் தீர்க்கதரிசனம் சொன்னார். எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. கீழ்ப்படியாவிட்டால் பாவமா?

இல்லை சகோதரி. பாவமே இல்லை. அப்போஸ்தலர் 21இல் அகபு என்ற தீர்க்கதரிசி, பவுல் எருசலேமில் கட்டப்படுவான் என்று சொன்னது உண்மையாகவே நடந்தது. அதைக் கேட்ட சகோதரர்கள் எல்லோரும் "போகாதே" என்று அழுதார்கள். பவுல் போனான். உண்மையான தீர்க்கதரிசனத்தைக்கூட என்ன செய்வது என்று தீர்மானித்தது அதைப் பெற்றுக்கொண்டவன்தான். உங்களுக்கு ஆண்டவர் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்ல அவருக்குத் தெரியும். "எனக்கு அப்படித் தோன்றவில்லை, நன்றி" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

கேள்வி: கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். பொறுமையாகக் காத்திரு, தேவன் அவரை மாற்றுவார் என்று சபையில் சொல்கிறார்கள்.

தாவீது சிங்காசனத்துக்காகப் பல வருடம் காத்திருந்தான். தன்னைக் கொல்லத் தேடிய ராஜாவாகிய சவுல் தன் கையில் அகப்பட்டபோதும் தொடவில்லை. ஆனால் சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது விலகினான், அன்று இரவே தப்பி ஓடினான் (1 சாமுவேல் 19). ஈட்டிக்கு முன்னால் உட்கார்ந்து காத்திருக்கவில்லை.

முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. நம்பிக்கையான உறவினர், தேவைப்பட்டால் போலீஸ், வக்கீல். அவர் மாற வேண்டும் என்ற ஜெபத்தை அங்கேயிருந்தும் செய்யலாம். அடி வாங்குவதை ஆவிக்குரிய பொறுமை என்று சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன்.

கேள்வி: ஜெபத்தில் எதுவும் உணர முடியவில்லை. மற்றவர்கள் பிரசன்னம் பிரசன்னம் என்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் இல்லை?

உணர்வும் பிரசன்னமும் ஒன்றல்ல. யாக்கோபு பெத்தேலில் தூங்கி எழுந்து, கர்த்தர் இந்த இடத்தில் இருக்கிறார், இதை நான் அறியாதிருந்தேன் என்றான். எம்மாவு வழியில் இரண்டு சீஷர்கள் இயேசுவோடேயே நடந்தும் அவரைத் தெரியவில்லை. அப்பம் பிட்ட பிறகுதான், வழியில் நம் இருதயம் கொழுந்துவிட்டு எரிந்ததே என்று பேசிக்கொண்டார்கள். அநேகமாக அவர் இருந்தது பின்னால் திரும்பிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. அதனால் திரும்பிப் பார்ப்பதையே ஒரு பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இரவு படுக்குமுன் ஐந்து நிமிடம் போதும். அன்றைய நாளைக் காலையிலிருந்து ஒவ்வொரு மணியாக மனதில் ஓட்டுங்கள். எங்கே எதிர்பாராத தயவு கிடைத்தது? எங்கே பேச நினைத்த கடுஞ்சொல் வாயிலேயே நின்றது? எங்கே யாருக்கோ உதவத் தோன்றியும் ஒதுங்கிப் போனீர்கள்? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள், அவர் கூப்பிட்ட இடம் அதுவாகவும் இருக்கலாம். ஒன்றிரண்டை நோட்டில் எழுதுங்கள். முதல் சில நாட்கள் எழுத ஒன்றுமே இருக்காது, பரவாயில்லை.

இன்னொன்று. ஜெபத்தில் மட்டுமல்லாமல் தூக்கம், வேலை, மனிதர்கள் என்று எல்லாவற்றிலுமே விருப்பம் போய்விட்டது என்றால் அது மன அழுத்த நோயாக இருக்கலாம். டாக்டரைப் பாருங்கள். வனாந்தரத்தில் சாகவேண்டும் என்று படுத்த எலியா தீர்க்கதரிசிக்கு ஆண்டவர் முதலில் கொடுத்தது உறக்கமும் உணவும்தான். அவனோடு பேசிய மெல்லிய சத்தம் அதற்கு வெகு நாள் கழித்து.

கேள்வி: கைக்குழந்தை, படுத்த படுக்கையாக மாமியார். அமைதியாக உட்கார ஐந்து நிமிடம்கூட இல்லை.

உட்கார வேண்டாம். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் கார்மேல் மடத்துச் சமையலறையில் வேலை செய்த சகோதரர் லாரன்ஸ், பாத்திரங்களின் நடுவிலேயே தேவனோடு பேசப் பழகினார். நெகேமியாவும் ராஜாவின் கேள்விக்கும் தன் பதிலுக்கும் நடுவில் ஒரு மூச்சில் ஜெபித்துவிட்டான். மாமியாரைத் துடைத்துவிடும்போது "ஆண்டவரே, இது உமக்கு" என்று சொல்லுங்கள், போதும். அதைவிட முக்கியம், வாரத்தில் ஒரு வேளையாவது வீட்டில் வேறு யாராவது பொறுப்பெடுக்க வேண்டும். அதைக் கேட்க வெட்கப்படாதீர்கள்.

கேள்வி: நான் தவறவிட்ட பேருந்து விபத்துக்குள்ளானது. ஆண்டவர் என்னைக் காப்பாற்றினார் என்று சாட்சி சொல்லலாமா?

நன்றி சொல்லுங்கள், தாராளமாக. ஆனால் அந்தப் பேருந்தில் இருந்தவர்களின் குடும்பம் கேட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துச் சொல்லுங்கள். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் இல்லை என்றார் இயேசு. ஏன் நான், ஏன் அவர்கள் என்பதற்கு அவர் விளக்கம் தரவில்லை. நாமும் தர வேண்டாம்.

கேள்வி: பல வருடமாகக் குழந்தைக்காகக் காத்திருக்கிறோம். அன்னாளைப் பார், சாராளைப் பார் என்கிறார்கள். இப்போது எனக்குத் தேவன்மேல் கோபம்தான் வருகிறது.

சகோதரி, உங்களுக்கும் நிச்சயம் பிறக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அதைச் சொல்லும் அதிகாரம் எனக்குத் தரப்படவில்லை. எபிரெயர் 11 விசுவாச வீரர்களின் பட்டியல்; அதிலேயே, வாக்குத்தத்தம் பண்ணப்பட்டதை அடையாமல் மரித்தார்கள் என்றும் எழுதியிருக்கிறது.

கோபத்தை அவரிடமே சொல்லுங்கள். 13ஆம் சங்கீதம் தொடங்கும்போதே நான்கு தரம் "எதுவரைக்கும்" என்று கேட்கிறது. 88ஆம் சங்கீதம் ஆறுதலே இல்லாமல் இருளில் முடிகிறது, அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். துதிக்க முடியாத நாளில் அதை வாசியுங்கள். பெயர்சூட்டு விழாக்களுக்குப் போக முடியவில்லை என்றால் போகாதீர்கள். பிள்ளைக்காக அழுது ஜெபித்த அன்னாளின் துக்கத்தைப் புரிந்துகொள்ளாமல், குடித்து வெறித்திருக்கிறாள் என்று சொன்னவர் ஆசாரியனாகிய ஏலி. சபையில் இருக்கிறவர்கள் தப்பாகப் பேசுவது பழைய வழக்கம்தான்.

கேள்வி: ஒரே காரியத்துக்காகத் திரும்பத் திரும்ப ஜெபிப்பது அவிசுவாசமா? ஒரு தரம் கேட்டுவிட்டு விட்டுவிட வேண்டுமா?

கெத்செமனேயில் இயேசுவே மூன்றாம் தரமும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார். பவுல் தன் மாம்சத்தில் இருந்த "முள்" என்று சொன்ன ஒரு வேதனை நீங்கும்படி மூன்று தரம் வேண்டினான். "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில் வந்த பிறகு, அந்த முள்ளைச் சுமந்துகொண்டே ஊழியம் செய்தான். உங்களுக்கு ஆம் என்றோ இல்லை என்றோ இன்னும் வரவில்லையா, கேட்டுக்கொண்டே இருங்கள். சலித்துப்போய் வாயே திறக்க முடியவில்லை என்றால் இரண்டு மூன்று பேரிடம் விஷயத்தைச் சொல்லி, கொஞ்ச நாளைக்கு எனக்குப் பதிலாக நீங்கள் கேளுங்கள் என்று விட்டுவிடுங்கள். திமிர்வாதக்காரன் இயேசுவிடம் தானாக நடந்து வரவில்லை, நான்கு பேர் சுமந்து வந்து கூரையைப் பிரித்து இறக்கினார்கள்.