தெர்மோஸ்டாட்டிக் ஷவர் வால்வில் வெந்நீர் சரியாக வரவில்லை, மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பள்ளத்தூர் வீட்டுக் குளியலறையில் அண்ணன் சிங்கப்பூரில் இருந்து கொண்டுவந்து மாட்டிய வால்வு, குமிழில் வைத்த சூட்டுக்கு வெந்நீரையும் பச்சைத்தண்ணீரையும் தானாகவே கலந்து தரும் வகை. வருஷத்தில் பாதி நாள் வீடு பூட்டித்தான் கிடக்கும். முன்பெல்லாம் நன்றாக வந்தது. பிள்ளையார் நோன்புக்கு வந்து திறந்தால், குமிழை எந்த எண்ணில் வைத்தாலும் வெதுவெதுப்பாக, அதுவும் மெலிசாகத்தான் வருகிறது. பிளம்பர் முழுதாக மாற்றச் சொல்கிறார். இதுதானே உங்கள் கேள்வி?

மாற்ற அவசரப்படாதீர்கள். நான் காரைக்குடியில் இருந்துகொண்டு, வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர்களின் வீடுகளையும் பார்த்துக்கொள்பவன். நம் பக்கத்தில் இந்த வால்வு போய்விட்டது என்று சொன்னால், நான் பார்த்தவரை பெரும்பாலும் அது உப்பு அடைப்புதான். நீங்கள் சொல்லும் அறிகுறியும் அதையே காட்டுகிறது.

ஏன் என்று சொல்கிறேன். வால்வுக்குள் கார்ட்ரிட்ஜ் என்று கழற்றி மாட்டக்கூடிய ஒரு பாகம் இருக்கும், அதில் மெழுகு அடைத்த சின்னக் குப்பி ஒன்று. கலந்த தண்ணீர் அந்தக் குப்பியைத் தொட்டுக்கொண்டுதான் ஷவருக்குப் போகும். சூடு ஏறினால் மெழுகு விரிந்து ஒரு தண்டைத் தள்ளும். வெந்நீர் வழி சுருங்கும், பச்சைத்தண்ணீர் வழி திறக்கும். சூடு குறைந்தால் ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ளும். கார் ரேடியேட்டரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டுக்குள்ளும் இதே மெழுகு வேலைதான். கரண்டும் கிடையாது, எலக்ட்ரானிக்ஸும் கிடையாது.

இப்போது வெந்நீர் வரும் வழி பாதி அடைத்துக்கொண்டது என்று வையுங்கள். குமிழ் 38 டிகிரியில் இருக்கிறது. சூடு போதவில்லை என்று வால்வு பச்சைத்தண்ணீரை நெரித்துக்கொண்டே போகும். வெந்நீரும் கொஞ்சம், பச்சைத்தண்ணீரும் கொஞ்சம். அதனால்தான் மெலிசாக வருகிறது. உள்ளே தண்டும் உப்பில் இறுகியிருந்தால் சூடும் ஏறாது. போர் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து, சூடு பட்டால்தான் அதிகம் படியும். ஆகவே வெந்நீர்ப் பக்கம்தான் முதலில் அடைக்கும். பூட்டிக் கிடக்கும் வீட்டில் ஈரம் காய்ந்து அந்த உப்பு கெட்டிப்பட்டும் போகும்.

கழற்றுவதற்கு முன் சில விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். பக்கத்து வாஷ்பேசினில் வெந்நீர் கொதிக்கக் கொதிக்க வருகிறதா? அங்கேயும் வரவில்லை என்றால் கோளாறு கீசரில். 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் என்றால் ஷவருக்கு அது காணாது. குமிழில் 38-க்கு மேல் போக ஒரு பொத்தானை அழுத்த வேண்டியிருக்கும். அதை அழுத்தாமலே 'திரும்பலை' என்று விட்டுவிடுபவர்களும் உண்டு.

எல்லாம் சரி என்றால் கழற்றலாம். முதலில் கீசர் சுவிட்சை அணையுங்கள். தண்ணீர் இல்லாத கீசர் ஓடினால் காயில் போய்விடும். நம் பழைய வீடுகளில் குளியலறைக்கென்று தனி வால்வு இருக்காது. மொட்டை மாடியில் டேங்க் அடியில் உள்ள கேட் வால்வைத்தான் மூட வேண்டும். அப்புறம் கீழே ஒரு குழாயைத் திறந்து வடிய விடுங்கள்.

சுவருக்கு வெளியே குழாய் மாதிரி கிடையாக இருக்கும் வகை என்றால் உங்கள் பாடு சுலபம். இரண்டு பக்கமும் பெரிய நட்டு இருக்கும். ஸ்பேனர் வாயில் துணியைச் சுற்றிக்கொண்டு திருகுங்கள், இல்லாவிட்டால் குரோம் பூச்சில் பல் பதியும். வால்வைப் பார்த்து நின்றால் இடது பக்கம்தான் வெந்நீர், பெரும்பாலான மாடல்களில் அப்படித்தான். அந்த வாசலில் ஒரு சின்னச் சல்லடை இருக்கும். அதைப் பிடுங்கி வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணி தெரியாமல் வெள்ளையும் துருப் பொடியுமாக மூடியிருந்தால் கள்ளன் அகப்பட்டுவிட்டான் என்று அர்த்தம். பழைய பல் பிரஷ் போதும். சல்லடைக்குப் பின்னால் ஒருவழி வால்வு இருக்கும். விரலால் அமுக்கினால் உள்ளே போய்த் தானாகத் திரும்ப வேண்டும். அது மாட்டிக்கொண்டால் பச்சைத்தண்ணீர் வெந்நீர்க் குழாய்க்குள் ஏறும். பாதிப் பேருக்கு வேலை இதோடு முடிந்துவிடும்.

முடியாவிட்டால் கார்ட்ரிட்ஜுக்குப் போக வேண்டும். குமிழின் மூடியை நெம்பினால் உள்ளே ஒரு திருகு. சிலவற்றில் பக்கவாட்டில் ஆலன் கீ போடும் ஓட்டை இருக்கும். குமிழை இழுக்கும் முன் அது எந்த எண்ணில் நிற்கிறது, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் வளையம் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வளையம் ஒரு பல் மாறி உட்கார்ந்தால் 38 என்று காட்டும் இடத்தில் வேறு சூடு வரும். பிறகு கார்ட்ரிட்ஜை ஸ்பேனரால் இடதுபுறமாகத் திருகி எடுங்கள். வர மறுத்தால் மல்லுக்கட்டாதீர்கள். வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி ஊற விட்டு மறுபடி முயலுங்கள்.

கழற்றியதை வெதுவெதுப்பான தண்ணீரில் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) கரைத்து ஊறப் போடுங்கள், வினிகரும் ஆகும். கக்கூஸ் கழுவும் ஆசிட் பக்கம் போகவே வேண்டாம், பித்தளையையும் குரோமையும் அரித்துவிடும். இன்னொன்று, தரையில் ஆத்தங்குடிக் கல் போட்டிருந்தால் இந்த வேலையைக் குளியலறையில் செய்யாதீர்கள். வாளியோடு முற்றத்துப் பக்கம் போய்விடுங்கள். அது சிமெண்ட் கல். வினிகர் சிந்தினால்கூடப் பூ வேலையின் பளபளப்பு போய் அந்த இடம் வெளுத்து நிற்கும். பழைய சுண்ணாம்புப் பூச்சுச் சுவருக்கும் அதே கதிதான். தெர்மோஸ்டாட் வாங்கிவிடலாம், ஆச்சி காலத்துத் தரைக்கு ஒட்டுப் போட்டால் பார்க்கச் சகிக்காது.

ஊறிய பிறகு ஒரு சோதனை. கார்ட்ரிட்ஜைப் பச்சைத்தண்ணீரில் வைத்துத் தண்டின் நிலையைப் பாருங்கள். பிறகு கை பொறுக்காத சூட்டில் உள்ள வெந்நீரில் போடுங்கள். தண்டு நகர வேண்டும். நகரும் தூரம் மில்லிமீட்டர் கணக்குதான், அதனால் உற்றுப் பார்க்க வேண்டும். அசையவே இல்லை என்றால் மெழுகுக் குப்பி செத்துவிட்டது, புதுக் கார்ட்ரிட்ஜ்தான். அப்போதும் முழு வால்வை மாற்றத் தேவையில்லை. ஆனால் இது எல்லாக் கடையிலும் கிடைக்காது. வால்வின் கம்பெனியும் மாடல் எண்ணும் பார்த்துத்தான் வரவழைக்க வேண்டும். 'இது சேரும் சார்' என்று கடையில் தரும், தண்ணீரைக் குழாய்க்கும் ஷவருக்கும் மாற்றிவிடும் சாதாரண டைவர்ட்டர் கார்ட்ரிட்ஜ் சேராது.

திரும்ப மாட்டும்போது ரப்பர் வளையங்களுக்கு சிலிகான் கிரீஸ் தடவுங்கள். வாசலினும் தேங்காய் எண்ணெயும் ரப்பரை ஊத வைத்துவிடும். டேங்கைத் திறந்து, வெந்நீர்க் குழாயில் தண்ணீர் வரும் வரை பொறுத்து, பிறகு கீசரைப் போடுங்கள். தெர்மாமீட்டரை ஷவருக்கு அடியில் பிடித்து, 38 காட்டும் வரை கார்ட்ரிட்ஜ் தண்டைத் திருப்பி, அந்த நிலையிலேயே 38-ஐக் குறிவைத்துக் குமிழை மாட்டுங்கள். கடைசியாகப் பச்சைத்தண்ணீர் வரும் வழியை மட்டும் மூடிப் பாருங்கள். நல்ல வால்வு என்றால் சில விநாடிகளில் வெந்நீரையும் நிறுத்திவிடும். நிறுத்தவில்லை என்றால் வயசாளிகளையும் பிள்ளைகளையும் அதில் குளிக்க விடாதீர்கள். கீசரில் இருந்து வரும் 60 டிகிரி தண்ணீர் சில விநாடிகளிலேயே தோலைப் பொசுக்கிவிடும்.

வேறு வீடுகளில் இதே கேள்வியோடு வருபவர்களுக்கு இரண்டு வார்த்தை. மாட்டிய நாளில் இருந்தே மெலிசாகத்தான் வருகிறது என்றால் அது உப்பு அல்ல, அழுத்தம் போதாமை. டேங்க் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். மொட்டை மாடி டேங்குக்கும் கீழ்வீட்டு ஷவருக்கும் இடையே 3 மீட்டர் இருந்தால் 0.3 பார். வெளிநாட்டு வால்வுகள் பல அரை பாராவது கேட்கும். பிரஷர் பம்பு வைப்பதென்றால் குழாய் இரண்டாகப் பிரியும் முன்னாலேயே வையுங்கள், பச்சைத்தண்ணீர்ப் பக்கம் மட்டும் வைத்தால் அது வெந்நீரை அமுக்கிவிடும். கீசர் அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் 'எவ்வளவு குறைத்தாலும் சுடுகிறது' என்றால் வால்வின் மேல் தப்பே இல்லை. மாடி டேங்க் தண்ணீரே 40-ஐத் தாண்டிக் கொதிக்கும்போது, அதைவிடக் குளிர்ச்சியாகக் கொடுக்க எந்த வால்வாலும் ஆகாது.

உங்கள் வால்வு சுவருக்குள் புதைத்த வகை என்றாலும் கார்ட்ரிட்ஜ் முன்பக்கமாகத்தான் வரும். சுவரை உடைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் கார்ட்ரிட்ஜைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.