நடிகர் எழுதிய கதைகள்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: ஹாலிவுட் நடிகர் டாம் ஹாங்க்ஸ் எழுதிய 'அன்காமன் டைப்' என்ற சிறுகதைத் தொகுதியை நண்பர் ஒருவர் கொடுத்தார். பெயர் தெரியாத ஒருவர் இதே கதைகளை அனுப்பியிருந்தால் எந்தப் பதிப்பகமாவது பிரித்துப் பார்த்திருக்குமா? புகழுக்கு விற்கும் புத்தகத்தை இலக்கியம் என்று நாம் ஏன் பேச வேண்டும்?
(திருச்சியிலிருந்து ஒரு பேராசிரியர்)

பதில்: உங்கள் கோபம் எனக்கும் உண்டு ஐயா. ஆண்டுக்கணக்கில் சிற்றிதழ்களில் எழுதிவிட்டு, முதல் தொகுதிக்குக் கைக்காசு போட்டு அச்சிட்டு, பிரதிகளைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் முன்னால் நின்றுகொண்டு, புகழ் ஒரு பொருட்டே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. பெயர்தான் கதவைத் திறந்தது. 1993இல் வந்த படத்துக்கும் 1994இல் வந்த படத்துக்கும் அடுத்தடுத்து ஆஸ்கர் வாங்கியவர் அவர். முதல் கதையே 2014இல் 'நியூயார்க்கர்' இதழில் வருகிறது. மூன்று ஆண்டு கழித்து, 2017 அக்டோபரில், அமெரிக்காவின் பெரிய இலக்கியப் பதிப்பகங்களில் ஒன்றான க்னாஃப் அவருடைய 17 கதைகளைப் புத்தகமாக்குகிறது. அப்போது அவருக்கு வயது 61. வேறு எந்தப் புதிய எழுத்தாளருக்கும் இந்தப் பாதை இவ்வளவு சுலபமாகக் கிடைத்திருக்காது.

ஆனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் வேறு. புத்தகம் கைக்கு வந்த பிறகு நடப்பது நமக்கும் கதைக்கும் இடையிலான விவகாரம். வாசகரைப் பத்தாம் பக்கத்துக்குக் கூட்டிப்போக எந்த விருதாலும் முடியாது. இந்த 17இல் ஐந்து ஆறு கதைகள், அட்டையைக் கிழித்துவிட்டுக் கொடுத்தாலும் நான் படித்து முடித்திருக்கக்கூடியவை. இரண்டு கதைகளை யார் எழுதி அனுப்பியிருந்தாலும் அச்சிட்டிருக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். மீதியில் சில மெலிந்தவை. 'நியூயார்க்கர்' வெளியிட்ட 'ஆலன் பீன் பிளஸ் ஃபோர்' அந்த மெலிந்த பட்டியலில்தான் வருகிறது என்பது என் கணிப்பு. நான்கு நண்பர்கள் தாங்களே ஒரு விண்கலத்தைக் கட்டி, நிலவைச் சுற்றிவிட்டு வருகிறார்கள். 1969இல் நிலவில் நடந்த நான்காவது மனிதரான ஆலன் பீனின் பெயரைக் கலத்துக்கு வைக்கிறார்கள். 'அப்பல்லோ 13' படத்தில் விண்வெளி வீரராக நடித்தவருக்கு அந்தத் துறையின் மீதுள்ள காதல் வரிக்கு வரி தெரிகிறது. ஆனால் அந்த நால்வருக்கும் இழப்பதற்கு எதுவுமே இல்லை. இழப்பதற்கு ஒன்றும் இல்லாதவர்கள் நிலவுக்கே போனாலும் நமக்குப் பதற்றம் வருவதில்லை.

கேள்வி: 17 கதைகளையும் படிக்க நேரமில்லை. எதிலிருந்து தொடங்கலாம்?
(ஈரோடு வாசகி)

பதில்: 'கிறிஸ்துமஸ் ஈவ் 1953' கதையிலிருந்து தொடங்குங்கள் அம்மா. அது ஒன்றை மட்டும் படித்துவிட்டு மூடினாலும் நஷ்டமில்லை.

விர்ஜில் என்பவர் கடையை அடைத்துவிட்டுப் பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். மனைவி, பிள்ளைகள், மரத்தடியில் பரிசுப் பொட்டலங்கள் என்று வீடே மகிழ்ச்சியில் இருக்கிறது. கதை அவசரமே படாமல் அந்த வீட்டுக்குள் நம்மை உட்காரவைக்கிறது. அவருக்கு ஒரு கால் செயற்கைக் கால் என்பது உரத்த அறிவிப்பு எதுவும் இல்லாமல், வேலையோடு வேலையாகத் தெரியவருகிறது. பிள்ளைகள் தூங்கிய பின் ஒரு தொலைபேசி அழைப்பு. இரண்டாம் உலகப் போரில் கூட இருந்த நண்பன் பட். விர்ஜில் போரிலிருந்து திரும்பி ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டவர். பட்டுக்கு அப்படித் தங்க ஓர் இடம் அமையவே இல்லை. 1944ஆம் ஆண்டுக் குளிர்காலத்தின் போர்க்களம் அந்த அழைப்பின் வழியாக வீட்டுக்குள் நுழைகிறது.

ஹாங்க்ஸ் படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் இந்தப் போரோடு பல ஆண்டுகள் வாழ்ந்தவர். அத்தனையும் தெரிந்த ஒருவர், தெரிந்ததையெல்லாம் கொட்டாமல் எழுதியிருப்பதுதான் இந்தக் கதையின் பலம். போர்க்கதை என்றதும் குண்டுச் சத்தத்தை எழுதத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். இவர் பரிசுப் பொட்டலங்களுக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறார். அதனால்தான் போர் வந்து சேரும்போது வலிக்கிறது.

அடுத்தது 'கோ சீ காஸ்டாஸ்'. அசான் என்ற பல்கேரியன் கப்பலில் வேலை செய்துகொண்டே நியூயார்க் வந்து சேர்கிறான். ஆங்கிலம் தெரியாது, தங்க இடம் இல்லை. காஸ்டாஸ் என்ற கிரேக்க உணவகக்காரரைப் போய்ப் பார் என்ற ஒரு சொல்தான் கையிருப்பு. அந்தக் காஸ்டாஸ் அவனை வரவேற்கவில்லை. விரட்டப்பட்டவன் மறுபடியும் போய் நிற்கிறான். ஹாங்க்ஸின் மனைவி ரீட்டா வில்சனின் தந்தையும் கிரேக்க மண்ணில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர். குடும்பத்தில் கேட்ட கதைகளின் ஈரம் இதில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ போய் ஒரு முகவரிச் சீட்டோடு நின்றவர்களின் வீடுகளிலிருந்து வரும் நம் வாசகர்களுக்கு இந்தக் கதையை விளக்கவே வேண்டாம்.

மூன்றாவதாக 'எ ஸ்பெஷல் வீக்எண்ட்'. பத்து வயதாகப்போகும் சிறுவன், பிரிந்து வாழும் தாயோடு ஒரு வார இறுதியைக் கழிக்கிறான். ஹாங்க்ஸின் பெற்றோரும் அவர் சிறுவனாக இருந்தபோதே பிரிந்தவர்கள். அவர் தந்தையிடம் வளர்ந்தார். பெரியவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பது அந்தச் சிறுவனுக்கு அரைகுறையாகத்தான் புரிகிறது. நமக்கு முழுதும் புரிகிறது. அவன் மகிழ்ச்சியாக இருக்கும் இடங்களில் எனக்கு நெஞ்சு அடைத்தது.

ஹாங்க் ஃபிசெட் என்ற கற்பனைப் பத்திரிகையாளரின் பத்திகள் புத்தகத்தில் இடையிடையே வருகின்றன. அவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அச்சுப் பத்திரிகை மறைவது பற்றிய கவலை அதில் உண்மையானது. ஆனால் கதையாகத் திரளவில்லை.

கேள்வி: ஒவ்வொரு கதையிலும் ஒரு தட்டச்சுப் பொறி வருகிறதே, இது வெறும் விளம்பர உத்தியா?
(மதுரை வாசகர்)

பதில்: உத்தி என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. தட்டச்சுப் பயிலகத்தில் பல ஆண்டுகள் கற்பித்தவள் நான். காலை ஆறு மணி வகுப்புக்குத் தூக்கம் கலையாமல் வரும் பிள்ளைகளின் விரல்களைப் பிடித்து 'யளனகபக' என்று வைத்துப் பழக்கியிருக்கிறேன். ஒரு பொறிக்கும் இன்னொன்றுக்கும் சத்தத்திலேயே வித்தியாசம் தெரியும். விரல் பலமில்லாத பிள்ளை அடித்தால் எழுத்து தாளில் மங்கும். கோபத்தில் அடித்தால் முற்றுப்புள்ளி தாளையே துளைத்துவிடும். அடிப்பவரின் மனநிலை தாளில் தெரியும் கருவி அது.

ஹாங்க்ஸ் இந்தக் கருவிகளை உண்மையாகவே நேசிப்பவர். நூற்றுக்கும் மேற்பட்ட பொறிகளைச் சேகரித்தவர். 2014இல் ஐபேடில் தட்டச்சுப் பொறியின் ஓசையோடு எழுதும் செயலி ஒன்றை வெளியிட்டார். 2016இல் வந்த 'கலிஃபோர்னியா டைப்ரைட்டர்' ஆவணப் படத்தில் தன் சேகரிப்பைப் பற்றி மனம்விட்டுப் பேசுகிறார். ஆகவே புத்தகத்துக்காகக் கட்டிய வேடம் இல்லை இது.

ஆனாலும் கதைக்குக் கதை பொறியை நுழைக்க வேண்டும் என்று அவர் தனக்கே போட்டுக்கொண்ட விதி, சில இடங்களில் கதையைவிட்டு விலகி நிற்கிறது. அறையின் மூலையில் ஒரு பொறி இருந்தது என்று ஒரு வரி வரும். அந்த வரியை எடுத்துவிட்டாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது. பொறி கதையின் உயிராகவே இருப்பது 'தீஸ் ஆர் தி மெடிடேஷன்ஸ் ஆஃப் மை ஹார்ட்' கதையில். காதல் முறிந்த ஒரு பெண் மலிவு விலைக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டச்சுப் பொறியை வாங்கிக்கொண்டு பழுதுபார்க்கும் கடைக்குப் போகிறாள். இது பொம்மை, இதைத் தொடமாட்டேன் என்கிறார் கடைக்காரக் கிழவர். பிறகு கடையில் உள்ள நல்ல பொறிகளை ஒவ்வொன்றாக அவளுக்குக் காட்டுகிறார். கடைசியில் அவள் எடுத்துக்கொண்டு போவது சுவிட்சர்லாந்தில் செய்த ஹெர்மிஸ் 2000.

அந்தக் கிழவரை எனக்கு நன்றாகத் தெரியும் என்றே தோன்றியது. பயிலகத்துக்குப் பழுதுபார்க்க வந்த மெக்கானிக்குகள் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். ரிப்பனைத் தப்பாக மாட்டியிருந்தால் பொறியைத் திட்டமாட்டார்கள், நம்மைத் திட்டுவார்கள். ஒரு பொருளை முழுதாகத் தெரிந்துவைத்திருக்கும் மனிதருக்கு வரும் கண்டிப்பும் கனிவும் அந்தக் கதையில் அப்படியே இருக்கின்றன. தட்டச்சு லோயர், ஹையர் தேர்வு எழுதிய எல்லோருக்கும் இந்தக் கதையைப் பரிந்துரைக்கிறேன்.

கேள்வி: நவீன நாடகக் குழு ஒன்றில் நடிக்கிறேன். சிறுகதை எழுத ஆசை. நடிப்பு அனுபவம் எழுத்துக்கு உதவுமா? இந்தப் புத்தகத்தில் நான் கற்றுக்கொள்ள ஏதாவது உண்டா?
(புதுச்சேரி வாசகர்)

பதில்: உதவும் தம்பி, ஒரு எல்லை வரை. மேடையில் ஒரே ஒரு வசனம் பேசும் காவல்காரனாக நீங்கள் நின்றாலும், இவன் இப்போது எதற்காக இங்கே நிற்கிறான், இவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொள்ளாமல் உங்களால் நிற்க முடியாது. ஹாங்க்ஸின் நல்ல கதைகளில் அந்தப் பழக்கம் தெரிகிறது. சிறு பாத்திரம் என்று யாரும் கைகட்டி நிற்பதில்லை. எல்லோருக்கும் ஒரு வேலையும் ஓர் அவசரமும் இருக்கின்றன. காஸ்டாஸ் அசானை விரட்டும்போது நமக்குக் கோபம் வருகிறது. ஆனால் கடை நடத்துகிறவனுக்கு உள்ள தலைவலியும் தெரிகிறது. எதிர்ப் பாத்திரத்தின் பக்கமும் நின்று பார்க்கும் இந்தப் பயிற்சி நடிகருக்குச் சுலபமாக வரும். எழுதுகிறவர்கள் பலர் இதைக் கற்றுக்கொள்ள வெகுநாள் ஆகிறது.

எல்லை எங்கே என்றால், நடிகருக்கு முகம் இருக்கிறது. ஒரு வரியைச் சொல்லிவிட்டுச் சும்மா நின்றால்கூட அரங்கம் அந்த மௌனத்தைப் படித்துக்கொள்ளும். தாளில் அந்த மௌனத்தையும் நீங்கள்தான் எழுத வேண்டும். இந்தத் தொகுதியில் 'ஸ்டே வித் அஸ்' என்ற கதை முழுவதும் திரைக்கதை வடிவில் இருக்கிறது. வசனங்கள் சரளமாகத்தான் ஓடுகின்றன. ஆனால் நல்ல நடிகர்கள் வந்து நிரப்ப வேண்டிய இடங்கள் அப்படியே காலியாகக் கிடக்கின்றன. அதையும் 'கிறிஸ்துமஸ் ஈவ் 1953' கதையையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். நான் சொல்வது விளங்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹாங்க்ஸ் தன் பாத்திரங்கள் மீது மிகவும் அன்பாக இருக்கிறார். பாதிக் கதைகளில் அந்த அன்பே குறையாகிறது. யாருக்கும் பெரிய துன்பம் வந்துவிடக் கூடாது என்று குறுக்கே கை நீட்டித் தடுக்கிறார். இதற்கு விலக்காக, 1939ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சிக்குக் காலத்தில் பின்னோக்கிப் போகும் பணக்காரர் ஒருவரின் கதை இருக்கிறது. அங்கே சந்தித்த ஒரு பெண்ணுக்காக, ஆபத்து என்று தெரிந்தும் மறுபடி மறுபடி போகிறார். அந்தக் கதையில் ஆசிரியர் கையை எடுத்துக்கொண்டுவிட்டார். கதை தன் வழியில் போகிறது. உங்கள் பாத்திரங்களையும் அப்படிப் போகவிடுங்கள். உங்களுக்கு அவர்களைப் பிடித்திருந்தால் கூடுதலாகவே போகவிடுங்கள்.

கேள்வி: நடிகர்கள் கதை எழுதுவது புதிதா? தமிழில் உண்டா?
(நெல்லை வாசகர்)

பதில்: புதிதில்லை. அமெரிக்காவில் சாம் ஷெப்பர்ட் திரையில் தோன்றுவதற்கு முன்பே நாடக ஆசிரியர்; 1979இல் புலிட்சர் பரிசு வாங்கியவர். ஸ்டீவ் மார்ட்டினின் குறுநாவல் 2000இல் வந்தது. ஜெஸ்ஸி ஐசன்பெர்க் 2015இல் கதைத் தொகுதி கொண்டுவந்தார். இந்தியில் மானவ் கௌலின் முதல் சிறுகதைத் தொகுதி 2016இல் வந்து, இளைஞர்களிடம் நல்ல வரவேற்பைப் பெற்றது. தமிழில் எனக்குப் பிடித்த உதாரணங்கள் எதிர்த்திசையில் போகின்றன: வேல ராமமூர்த்தியும் பவா செல்லதுரையும் கதைகளால் பெயர் பெற்ற பிறகு திரைக்குப் போனவர்கள். வேல ராமமூர்த்தியைத் திரையில் மட்டும் பார்த்திருப்பவர்கள் அவருடைய சிறுகதைகளைத் தேடிப் படிக்க வேண்டும். படித்த பிறகு அந்த முகத்தைப் பார்க்கும் விதமே மாறிவிடும்.

கேள்வி: ஆங்கிலம் ஓரளவுதான் தெரியும். படிக்க முடியுமா?
(காரைக்குடி வாசகி)

பதில்: தாராளமாக. வாக்கியங்கள் பெரும்பாலும் எளியவை. ஒலிப்புத்தகத்தை ஹாங்க்ஸே வாசித்திருக்கிறார். அதைக் கேட்டுக்கொண்டே அச்சுப் பிரதியில் வரிகளைத் தொடருங்கள். காஸ்டாஸ் கதையில் அசானும் உங்களைப் போலவே ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டுகிறான் என்பதால், அதை முதலில் எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: அதற்குப் பிறகு அவர் எழுதினாரா, அத்தோடு நிறுத்திவிட்டாரா?
(சேலம் வாசகர்)

பதில்: எழுதினார். 2023இல் அவருடைய முதல் நாவல் வந்தது. ஒரு திரைப்படம் உருவாகும் கதை. படப்பிடிப்புத் தளத்தில் பெயர் தெரியாமல் உழைப்பவர்களுக்கு அதில் நிறைய இடம் கொடுத்திருக்கிறார். மிக நீளம், பொறுமை வேண்டும். எனக்குச் சிறுகதைக்காரராகத்தான் அவரைப் பிடித்திருக்கிறது. நாவலில் அவருக்குத் தெரிந்த தகவல்கள் அவரை இழுத்துக்கொண்டு போய்விடுகின்றன. இன்னொரு சிறுகதைத் தொகுதி வந்தால் முதல் வாரமே வாங்கிவிடுவேன்.